வாசற்படியில் நின்று அளந்த சுவர்

முதல் நாள் விசாரணைக்கு வந்திருந்தவர்கள்: கம்பெனி மேலாளர் ராகவன், எனக்கு மேலே இருந்த கோபிநாதன் சார், கிராம நிர்வாக அலுவலர், வீட்டுக்காரரான மங்கையர்க்கரசி அம்மா, நான். வராதவர் ஒருவர், அந்த அம்மாவின் கணவர் தியாகராசன். சுவர் விழுந்து இடது பாதம் நசுங்கி, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

ஊராட்சி அலுவலக மேசைமேல் என் பதிவேடு திறந்து கிடந்தது. தியாகராசன் வீட்டுக்கான பக்கத்தில், 'உள் அறை, மேற்குச் சுவர்: பழைய விரிசல், அசைவில்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது. விழுந்தது அந்தச் சுவர்தான்.

"இந்தத் தம்பி உள்ள வந்து பாக்கவே இல்லைங்க" என்றார் மங்கையர்க்கரசி அம்மா.

"நீங்க விட்டாத்தானேம்மா அவரு வர முடியும்?" என்று ராகவன் அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன கதிரவன், விட்டாங்களா?"

"விடலைங்க சார்."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. கேட்ட வேகத்தில் வாய் சொல்லிவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, ஏதோ கணக்கு விளங்காத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ராகவன் பேனாவை மூடினார். சுரங்கத்தில் வெடி வைக்கத் தொடங்கும் முன்பே எல்லா வீட்டுக்கும் கம்பெனி ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தது. அதில் ஒரு வரி: ஆய்வுக்கு வருபவரை உள்ளே அனுமதிக்காத வீட்டுக்கு இழப்பீடு இல்லை. அவர்கள் விடவில்லை என்றால் கம்பெனி ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். அவர்கள் விட்டும் நான் பார்க்கவில்லை என்றால் முழுவதையும் தர வேண்டும்.

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த வியாழக்கிழமை கொண்டாந்துடுங்க" என்றார் ராகவன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் பிரியதர்ஷினி. நான் விட்டுவந்த வேலையில் இப்போது இருக்கும் பெண். போன மாதம் போன் செய்தாள். "அண்ணா, இப்ப பதிவேடு கெடையாது, செல்போன்ல ஒரு ஆப்புதான். அதுல 'உள் அறைகள் பார்வையிடப்பட்டதா'ன்னு ஒரு கேள்வி வருது. 'ஆம்' போட்டாத்தான் அடுத்த பக்கம் தொறக்குது. 'இல்லை' போட்டா அங்கேயே நின்னுடுது. நீங்கல்லாம் என்னண்ணா பண்ணீங்க?" என்று கேட்டாள். நாங்கள் என்ன பண்ணினோம் என்று போனில் சொல்ல முடியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் அனுபவம் எழுதுவார்கள். எனக்கு வயது முப்பத்து நான்கு. எட்டு வருஷம் பார்த்த வேலையிலிருந்து விலகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. பெரம்பலூரில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். ஆனாலும் அந்த வேலையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். இனி அதற்குப் போகமாட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா விவசாயக் கூலி, பிறகு பெரம்பலூரில் சின்ன வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினார். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துச் சில வருஷம் கழித்து அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிக் கொடுக்கும் ஒரு குத்தகைக் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி மூன்று வாரம். அதில் இரண்டு வாரம் ஹெல்மெட் போடுவது எப்படி என்றே போயிற்று. மூன்றாவது வாரம் கோபிநாதன் சாரிடம் விட்டார்கள்.

வேலை இதுதான். சுரங்கத்தில் வெடி வைத்தால் பக்கத்து ஊர்களில் சுவர் அதிரும். யாராவது வந்து 'வெடிச்சதாலதான் எங்க வீட்டுல விரிசல்' என்பார்கள். உண்மையாகவும் இருக்கும், இருபது வருஷத்துக்கு முந்தைய விரிசலாகவும் இருக்கும். அதனால் புதிய இடத்தில் வெடி வைக்கும் முன்பே சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சுவரையும் பார்த்து, இருக்கிற விரிசலை எல்லாம் எழுதிவைக்க வேண்டும். கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டையை விரிசல்மேல் வைத்து அகலத்தைப் பார்ப்போம். விரிசலின் இரு முனையிலும் சாக்பீஸில் குறுக்குக் கோடு. நடுவில், விரிசலுக்குக் குறுக்காக, விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை மாவுச்சுண்ணாம்பு குழைத்து இரு பக்கமும் ஒட்டி, தேதி எழுதுவோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடையவில்லை என்றால் விரிசல் சும்மா கிடக்கிறது என்று பொருள். ஊரில் எங்களுக்குப் பெயரே 'கண்ணாடி ஒட்டுற தம்பி'தான். சிறுவர்கள் பின்னாலேயே வந்து, "எங்க வூட்டுலயும் ஒட்டுங்கண்ணே, எங்க வூட்டுல பெரிசா இருக்கு" என்று விரிசலைப் பெருமையாகக் காட்டுவார்கள்.

கோபிநாதன் சார் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்று இங்கே வந்தவர். ஆபீஸில் நாற்காலி இருந்தும் உட்கார மாட்டார். ஜன்னலில் சாய்ந்துகொண்டு எங்கள் பதிவேட்டைச் சத்தமாகப் படிப்பார், ரேஷன் கடையில் பேர் வாசிக்கிற குரலில். ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஒரு எழுத்துப் போட வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். கண்ணால் பார்த்தது என்றால் 'பா'. வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டது என்றால் 'கே'. எழுத்து இல்லாத வரியைப் படிக்கவே மாட்டார். அப்படியே நிறுத்தி நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். ஒருமுறை கூட வேலை பார்த்த பையன் ஒருவன், "சார், ஓடு வழியா எட்டிப் பாத்தேன், அதுக்கு என்ன போடறது?" என்று கேட்டுவிட்டான். சார் அரை நிமிஷம் யோசித்து, "எறங்கிட்டு மறுபடி போயி பாத்துட்டு வந்து 'பா' போடு" என்றார். நாங்கள் அதை வைத்து ஒரு மாதம் சிரித்தோம்.

தியாகராசன் வீட்டுப் பக்கத்தில், உள் அறை மேற்குச் சுவருக்கு நேராக, நான் 'பா' போட்டிருந்தேன்.

அந்த ஊர் அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகிற வழியில் உள்ளே திரும்பினால் வரும். பெயர் வேண்டாம். தியாகராசன் வீடு பழைய ஓட்டு வீடு, முன்னால் மட்டும் சிமென்ட் போட்டுக் கட்டியது. நான் போனது பங்குனி வெயிலில் ஒரு பகல். மங்கையர்க்கரசி அம்மா மட்டும் இருந்தார். "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். "பெரம்பலூர்ப் பக்கம்" என்றேன். எந்த ஊரில் யார் கேட்டாலும் நான் அவ்வளவுதான் சொல்வேன். அதற்கு மேல் கேட்டால், எந்தத் தெரு, யார் மகன் என்று போகும். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வெளிச் சுவர்கள், முன் அறை எல்லாம் முறையாகப் பார்த்தேன், மூன்று கண்ணாடி ஒட்டினேன். பிறகு உள் அறை. நடுவில் கூடம், கூடத்துக்கு ஒரு வாசற்படி. நான் படிக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. மேற்குச் சுவரில் மேலே ஒரு விரிசல் கறுப்பாகத் தெரிந்தது. ஒட்டடை பிடித்திருந்தது. ஒட்டடை பிடித்தால் பழசு. செல்போனில் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தேன். சுவரின் கீழ்ப்பாதியை மறைத்து நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மூட்டையை நகர்த்தினால்தான் விரிசல் எதுவரை இறங்குகிறது என்று தெரியும். அந்த அம்மா அதற்குள் மோர் கொண்டு வந்தார். குடித்தேன். கண்ணாடி ஒட்டாமலே 'அசைவில்லை' என்று எழுதி, 'பா' போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த விரிசல் மூட்டைகளுக்குப் பின்னால் தரைவரை இறங்கியிருந்தது. அடிச்சுவர் பச்சைச் செங்கல். இரண்டு மழைக்காலத்துத் தண்ணீர் அதில் ஊறியிருந்தது. நான்கு மாதம் கழித்து ஒரு மதியம், சங்கு ஊதி வெடி போட்ட பத்தாவது நிமிஷம், மேற்குச் சுவர் பாதி உள்பக்கமாக விழுந்தது. தியாகராசன் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். மூட்டைகள் இல்லாவிட்டால் ஆளே போயிருப்பார் என்றார்கள்.

முதல் நாள் விசாரணை முடிந்ததும் கோபிநாதன் சார் என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, மெயின் ரோட்டு டீக்கடையில் நிறுத்தினார். டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

"விடலன்னு சொன்னியே. யாரு விடல?"

"அந்த அம்மா சார்."

"என்னா சொன்னாங்க? வார்த்தை சொல்லு."

எவ்வளவு யோசித்தும் அந்த அம்மா சொன்னதாக எனக்கு ஞாபகம் இருந்தவை இரண்டே. எந்த ஊரு தம்பி. மோர் குடிச்சுட்டுப் போ.

"ஒண்ணும் சொல்லல சார். ஆனா விட்டிருக்க மாட்டாங்க."

"அது எப்படி ஒனக்குத் தெரியும்?"

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு விளங்கியது. விளங்கியதும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அதாவது... ஒங்க... அவங்க அந்தப் பக்கம்... நீ அந்த..." என்று நான்கைந்து தடவை தொடங்கினார். எந்த வாக்கியமும் முடியவில்லை. பிறகு டீக்கடைக்காரரிடம், "இதுல சக்கரை போட்டியாய்யா?" என்று கோபித்தார். எட்டு வருஷத்தில் அவரை அப்படித் தடுமாறிப் பார்த்தது அன்றைக்குத்தான். கடைசியில் தணிந்த குரலில், "நானுந்தான் அந்தப் பக்கத்துல கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். படிச்சேன், 'பா' இருந்துச்சு, போட்டுட்டேன். நீ உள்ள போனியான்னு நான் ஒரு நாளும் கேக்கல. கேட்டிருக்கணுமா? எனக்குத் தெரியலப்பா. கேட்டா நீ என்ன நினைச்சிருப்ப?" என்றார்.

கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். இதை அப்போது அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தார்.

"விடலன்னே எழுதிக் குடு. இதுல யோசிக்க என்னா இருக்கு?"

"அவங்க ஒண்ணும் சொல்லலப்பா."

"சொல்லணுமாக்கும். எங்க காலத்துல சொல்லித்தான் தடுத்தாங்களா? பாத்தாலே போதும். நீ எழுதறது பொய்யில்லடா."

"அந்தம்மா பாக்கவும் இல்லப்பா. அவங்க உள்ள மோர் கலக்கிட்டு இருந்தாங்க. நானாத்தான் நின்னேன்."

அப்பா டிவியை அணைத்துவிட்டார். எங்கள் வீட்டில் டிவியை அணைத்துவிட்டுப் பேசுவது அபூர்வம்.

"நீயா நின்னியா? ஒனக்கு அஞ்சு வயசு. கூலி வாங்க ஒரு வூட்டுக்கு உன்னையும் கூட்டிகிட்டுப் போனேன். அந்த வூட்டுப் புள்ளை ஒரு பந்தை உருட்டி விட்டுச்சு. நீ பின்னாலயே ஓடுன. படியில கால வைக்கப் போன. கையப் புடிச்சு நான் இழுத்த இழுப்புல தோள்பட்டை வீங்கிப் போச்சு ஒனக்கு. எண்ணெய் போட்டு உருவினா ஒங்க அம்மா. அந்த வூட்டுக்காரரு அங்கயே இல்ல. வெளிய போயிருந்தாரு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நாந்தான் இழுத்தேன்."

நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். பிறகு, "இப்ப யாரு விடலன்னு எழுதுவ? என் பேரையா?" என்றார். கிண்டலா, வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. மறுபடி டிவியைப் போட்டுவிட்டார்.

எனக்கு அந்தப் பந்து ஞாபகத்தில் இல்லை. தோள் வலித்ததும் ஞாபகத்தில் இல்லை.

மறுநாள் ஆபீஸில் அந்த ஊருக்கான பதிவேடு முழுவதையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னை நானே நிரூபித்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். அந்த வீட்டில் மட்டும்தான் அப்படி, மற்ற இடத்தில் எல்லாம் ஒழுங்காகப் பார்த்திருக்கிறேன் என்று காட்ட. காலனித் தெருப் பக்கங்களைப் புரட்டினேன். எல்லா வீட்டிலும் சமையல் மூலைவரை இருந்தது. ஒரு வீட்டில் 'பாய்க்குப் பின்னால், தரையிலிருந்து ஏழு அங்குலம்' என்றுகூட எழுதியிருந்தேன். சொல்லிக்கொள்ளாமலேயே உள்ளே போயிருக்கிறேன். அந்தத் தெருப் பெண்கள், "எலேய், செருப்ப வெளிய வுட்டுட்டு வாடா, இப்பத்தான் மொழுவுனேன்" என்று கத்துவார்கள். நான் சிரித்துக்கொண்டே போவேன். தியாகராசன் வீடு இருக்கும் மேலத்தெருப் பக்கங்களுக்கு வந்தேன். முன் அறைவரை அங்குலக் கணக்கு. உள் அறைகளுக்கு வந்தால் 'சுமார்', 'சுமார்', 'சுமார்'. ஓரத்தில் எல்லாவற்றுக்கும் 'பா'. எண்ணினேன். பதினொரு வீடு. பதினொன்றிலும் ஒரு வீட்டில்கூட யாரும் என்னிடம் வராதே என்று சொன்னதாக நினைவில்லை. வா என்று சொன்னதாகவும் இல்லை. இன்னொன்றையும் பார்த்தேன். காலனித் தெருவில் ஒரு வீட்டில்கூட உள்ளே வரலாமா என்று நான் கேட்டிருக்கவில்லை. அங்கே கேட்கத் தோன்றவில்லை, இங்கே கேட்கத் துணியவில்லை. இரண்டு தெருவுக்கும் சேர்த்து நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

இதை வைத்து நான் என்ன முடிவுக்கு வர வேண்டும் என்று தெரியவில்லை. பதிவேட்டை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து எண்ணியும் பதினொரு வீடாகத்தான் இருந்தது.

புதன்கிழமை, அடுத்த விசாரணைக்கு முந்தின நாள், நானாகவே அந்த ஊருக்குப் போனேன். மங்கையர்க்கரசி அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்து, இடிபாட்டில் சிந்திய நெல்லில் மண் பொறுக்கிக்கொண்டிருந்தார். மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தது.

"என்னா தம்பி, இன்னும் எதாவது அளக்கணுமா?"

"இல்லைங்கம்மா. பேசலாம்னு வந்தேன்."

"பேசு."

"அன்னைக்கு நீங்க என்னைய உள்ள வரச் சொல்லலைங்க" என்றேன்.

"வராதன்னும் சொல்லல."

"சொல்லலதாங்க."

"பின்ன எதுக்கு விடலன்னு சொன்ன? அவரு காலு அங்க ஆணி போட்டு வச்சிருக்கு. டாக்டரு ரெண்டு விரலு எடுக்கணுங்குறாரு. நீ பாட்டுக்கு ஒரு வார்த்தைய சொல்லிட்டுப் போயிட்ட."

"நீங்க மோரு குடுத்தது பேப்பர் கப்புலங்க."

சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு ஆளின் கால் போயிருக்கிறது, நான் கப்பைப் பற்றிப் பேசுகிறேன். ஆனால் அதுதான் என் மனதில் இருந்தது, அத்தனை மாதமும்.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "கம்பெனி ஆளுங்க யாரு வந்தாலும் பேப்பர் கப்புதான். டம்ளரு கழுவ இங்க யாரு இருக்கா? மருமவ ஊருல இல்ல."

"மேனேஜர் வந்தப்ப டம்ளர்ல குடுத்தீங்க. நானும் கூட இருந்தேன்."

"அவரு பெரியவரு." உடனே சொன்னார். நெல்லை விரலால் கிளறினார். "பெரியவருன்னு குடுத்தேனா, என்னான்னு குடுத்தேனா... நீ கேட்டதும் எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. நான் நெனச்சு ஒண்ணும் செய்யல தம்பி. கை எதை எடுக்குதோ அதை எடுக்குது."

"நான் அன்னைக்கு உள்ள வந்திருந்தா?"

"வந்திருந்தா வந்திருப்ப."

"சும்மா இருந்திருப்பீங்களாம்மா?"

முறத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தார். "நல்லா இருந்திருப்பேன்னு சொல்லணும்னுதான் வாய் வருது. முழுக்காசும் போற நேரத்துல அப்படித்தானே சொல்லணும். ஆனா தெரியல. அந்த ரூமுலதான் மாமியா பொட்டி இருக்கு, சாமி படம் இருக்கு. மூஞ்ச சுளிச்சிருப்பேனோ என்னவோ. சுளிச்சிருந்தா நீ பாத்திருப்ப. பாத்துட்டு நின்னிருப்ப. இல்ல, சரி கம்பெனிக்காரன்னு விட்டிருப்பேன். சத்தியமா தெரியல. நீ எந்தத் தெருன்னு எனக்கு அப்ப தெரியவும் தெரியாது. இப்பவும் நான் கேக்கல பாரு."

"எங்க ஊரு காலனித் தெருங்க."

"சரி" என்றார். பிறகு எழுந்து தார்ப்பாயை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து, "வந்து பாரு, எப்படிக் கெடக்குதுன்னு" என்றார்.

போனேன். கூடத்துப் படியைத் தாண்டும்போது கால் ஒரு நொடி நின்றது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. உள்ளே வெளிச்சத்தில் கண் கூசியது, சுவர் இருந்த இடத்தில் வயல் தெரிந்தது. தரையோடு ஒட்டி நின்ற ஒரு முழச் சுவரில் விரிசல் கட்டைவிரல் அகலத்துக்கு இருந்தது. நான் அட்டையை எடுத்து வைத்து அளந்தேன், பழக்கத்தில்.

"மூட்டைய நவுத்தச் சொல்லியிருந்தா நவுத்தியிருப்பேன்" என்றார் பின்னாலிருந்து.

வியாழக்கிழமை. அதே ஐந்து பேர். ராகவன், "கொண்டாந்தீங்களா?" என்றார். தாளைக் கொடுத்தேன். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'நான் உள் அறைக்குள் செல்லவில்லை. செல்லாமலே பார்த்ததாக எழுதினேன். வீட்டார் என்னைத் தடுக்கவில்லை. அழைக்கவும் இல்லை. அதே தெருவில் மேலும் பத்து வீடுகளில் இவ்வாறே எழுதியுள்ளேன்.'

ராகவன் இரண்டு தடவை படித்தார். "பைத்தியமாய்யா ஒனக்கு? போன வாரம் விடலன்ன. இப்ப என்னா இது? எவன் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லைங்க சார்."

"பத்து வூடு வேறயா! கேக்காததுக்கெல்லாம் பதில் எழுதியிருக்க."

கோபிநாதன் சார் அன்றைக்கும் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் நின்றபடி, "கீழ நானும் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிப் பேனாவை எடுத்தார். மங்கையர்க்கரசி அம்மா தாளைக் கேட்டு வாங்கி, உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். 'அழைக்கவும் இல்லை' என்ற இடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சரிதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு மெமோ கொடுத்து ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் மீதிப் பத்து வீட்டையும் மறுபடி பார்க்க வேறு ஆள் வேண்டுமே. நானே போனேன். இந்த முறை ஒவ்வொரு வாசலிலும் நின்று, "உள்ள வரலாமுங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு அவ்வளவு பயிற்சி தேவைப்படும் என்று நினைத்ததில்லை. ஏழு வீட்டில் வாங்க என்றார்கள், அதில் ஒரு வீட்டில் "இதுக்கெல்லாமா கேப்பாங்க?" என்று சிரித்தார்கள். இரண்டு வீட்டில், "இருங்க, ஆம்பளைங்க வரட்டும்" என்றார்கள். அது எதற்காக என்று தெரியாது, எதற்காக வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு வீட்டில் ஒரு பெரியவர் நேராகவே, "வெளியிலேர்ந்தே பாத்துக்கப்பா" என்றார். அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, 'கே' போட்டேன். விசித்திரம், அந்த ஒரு வீட்டு வாசலில்தான் எனக்குக் குழப்பமே இல்லாமல் இருந்தது. காலனித் தெருவுக்கும் மறுபடி போய் அதே கேள்வியைக் கேட்டேன். "என்னாடா புதுசா மரியாதை? ஒடம்பு சரியில்லையா?" என்றார்கள்.

அதன்பிறகு இரண்டு வருஷம் அந்த வேலையில் இருந்தேன். எங்கே போனாலும் முதலில் என் கால் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற வழக்கம் வந்துவிட்டது. நின்ற இடத்துக்கு நான் காரணமா, அவர்களா, அப்பாவா என்று யோசித்துக்கொண்டே அளந்தால் அளவு தப்புகிறது. ஒருநாள் ஒரே சுவரை மூன்று தடவை அளந்து மூன்று கணக்கு வந்தது. விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

பிரியதர்ஷினிக்கு என் பதில்: அந்த ஆப்பில் 'இல்லை' போட்டு, அது நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, ஆபீஸுக்குப் போன் செய். அதற்கு முன் வாசலில் நின்று கேட்டுவிடு. இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

கம்பெனித் தலைமை அலுவலகத்தின் முடிவு எட்டு மாதம் கழித்து வந்தது. ஆய்வாளர் கடமை தவறினார், அதே சமயம் வீட்டாரும் அவரை உள்ளே அழைத்துக் காட்டவில்லை, எனவே செலவில் பாதி. என் தாளிலிருந்த 'அழைக்கவும் இல்லை' என்ற இரண்டு சொற்களை எடுத்துத்தான் அப்படிப் போட்டிருந்தார்கள். 'தடுக்கவில்லை' என்பதோடு நான் நிறுத்தியிருந்தால் முழுவதும் வந்திருக்கும். மங்கையர்க்கரசி அம்மா சரிதான் என்றாரே, உண்மையும் அதுதானே என்று பல நாள் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு சொல்லை எழுதும்போது என் கையை ஓட்டியது உண்மையா, பேப்பர் கப்பா என்று என்னைக் கேட்டால், அந்த அம்மா அன்றைக்கு வாசலில் சொன்ன 'சத்தியமா தெரியல' என்ற பதில்தான் என்னிடமும் இருக்கிறது. சுவர், கூரை, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்து ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ஆனது. அவர்கள் கையிலிருந்து போனது மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.